ஆழ்கடல் ஒற்றைப் பவளத்துக்குப் புதுப்பெயர் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒற்றைப் பவளம் திட்டுத் திட்டாக வளர்கிற பவளம் அல்ல. ஒரே உயிர், அதற்கு ஒரே சுண்ணாம்புக் கிண்ணம், அவ்வளவுதான். ஆழ்கடலில் இருப்பவை உடலுக்குள் பாசி இல்லாமல், மிதந்து வரும் இரையைப் பிடித்துத் தின்று வாழ்பவை. இன்று அறியப்பட்ட கல்பவள இனங்களில் ஏறத்தாழப் பாதி இப்படிப் பாசி இல்லாத வகை.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் விலங்கியல் படிக்கிறவர்களுக்குக் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. கொச்சியிலிருந்து போகிற ஆய்வுக் கப்பல் வாரிவந்ததில் நாலைந்து கிண்ணம், அல்லது அருங்காட்சியகம் கடனாகத் தந்த ஒரு டப்பா, இவ்வளவுதான் மேசைக்கு வரும். கையில் இருப்பது குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொன்றும் புதுசாகத் தெரியும். இந்தத் துறையில் நடக்கும் பிழைகளில் பெரும்பங்கு ஒரே இடத்தில் தொடங்குகிறது: குஞ்சையோ உடைந்ததையோ செத்து அரிபட்டதையோ தனி இனம் என்று எடுத்துக்கொள்வது.

தடுப்பை எண்ணும்போது

கிண்ணத்தை மேலிருந்து பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செல்லும் தகடுகள் தெரியும். இந்தத் தடுப்புத் தகடுகளுக்குச் செப்டா என்று பெயர். பொதுவான கணக்கு ஆறின் மடங்கு: முதல் சுற்று 6, இரண்டாம் சுற்று 6, மூன்றாவது 12, நான்காவது 24, ஆக 48. குஞ்சில் இது நிரம்பியிருக்காது. கிண்ணம் அகல அகலத்தான் நான்காம் சுற்றுத் தகடுகள் ஒவ்வொரு பகுதியிலும் சோடி சோடியாக முளைக்கும். 6 மில்லிமீட்டர் அகலக் கிண்ணத்தில் 36 தகடு, 12 மில்லிமீட்டர் கிண்ணத்தில் 48 என்றால் அது வயது வித்தியாசமாகவே இருக்கலாம். எத்தனை தகடு என்பதை எத்தனை அகலத்தில் என்பதோடு சேர்த்து எழுதாத விவரிப்பு பின்னால் வருபவருக்குப் பயன்படாது.

கஷ்டமான இடம் 40. கேரியோபில்லியா பேரினத்தில் இந்த எண் இரண்டு வழியில் வரும். பத்தின் மடங்காக அமைந்து 10, 10, 20 என்று நிரம்பியிருக்கலாம். இல்லை, ஆறின் மடங்கில் 24 நிரம்பி, நான்காம் சுற்றில் 16 மட்டும் முளைத்திருக்கலாம். முதலாவது முழு வளர்ச்சி பெற்ற அமைப்பு, இரண்டாவது பாதி வழியில் நிற்பது. பிரித்தறிய, செப்டாவின் உள்விளிம்புக்கு எதிரே ஒரு வளையமாக நிற்கும் சிறு தூண்களைப் பாருங்கள். அவற்றுக்குப் பாலி என்று பெயர். இந்தப் பேரினத்தில் பாலி கடைசிக்கு முந்தைய சுற்றுத் தகடுகளுக்கு எதிரே நிற்கும். பத்தின் அமைப்பில் பத்துப் பாலி சீரான இடைவெளியில் இருக்கும். முளைத்துக்கொண்டிருக்கும் கிண்ணத்தில், நான்காம் சுற்றுச் சோடி வராத பகுதிகளில் பாலியும் பெரும்பாலும் இருக்காது; இடைவெளி ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் அகன்று தெரியும்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணாதீர்கள். பாதி வட்டம் வருவதற்குள் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துவிடும். மேலிருந்து ஒரு படம் எடுத்து ஏ4 தாளில் பெரிதாக அச்சிடுங்கள். மிக அகலமாகவும் உயர்ந்தும் நிற்கும் ஆறு தகடுகளுக்குச் சிவப்பு, அடுத்த ஆறுக்கு நீலம், பன்னிரண்டுக்குப் பச்சை, மிச்சத்துக்குக் கறுப்பு. நிறம் இட்டு முடித்தால் எந்தப் பகுதியில் குறைகிறது என்பது தானாகத் தெரியும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் கோப்பில் வையுங்கள். கட்டுரையைச் சரிபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரே உயிரின் இரண்டு துண்டு

ட்ரங்காட்டோஃபிளபெல்லம் பேரினத்தில் கிண்ணம் குறுக்கே பிளந்து மேற்பாதி கழன்று விழும். விழுந்த பாதி மணலில் தனியாக வாழும். அதன் அடியில் வெட்டியது போல ஒரு தழும்பு இருக்கும், ஓரங்களில் முள்ளும் இருக்கலாம். அடிப்பாதி ஒட்டிய இடத்திலேயே நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதது போலிருக்கும். ஆகவே ஒட்டிய கிண்ணத்துக்கு ஒன்று, தழும்புள்ள கிண்ணத்துக்கு ஒன்று என்று இரண்டு பெயர் வைக்க முனையும் முன் அடித்தழும்பை அளந்து, கூட வந்த அடிப்பாதிகளின் மேல்விளிம்போடு ஒப்பிடுங்கள்.

வடிவமும் ஏமாற்றும். டெஸ்மோஃபில்லம் டையாந்தஸ் என்ற இனம் நெருக்கத்தில் வளர்ந்தால் நீண்டு குறுகும், இடம் கிடைத்தால் விரியும். துளைபோடும் உயிர்களும் கிண்ணத்துக்குள் ஒட்டுண்ணியாய்க் குடியேறும் சிறு ஓட்டுடலிகளும் சுவரை வீங்கவைக்கும். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் அதைப் பண்பாக எழுதாதீர்கள்.

கழுவுவதில் கெட்டுப்போவது

தசை இருந்தால் முதலில் ஒரு துணுக்கை 95 சதவீத எத்தனாலில் எடுத்துக் குளிரில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கிண்ணத்தை ஃபார்மலினில் போட்டு மறந்துவிட்டால் டிஎன்ஏ போகும். ஃபார்மலின் புளித்து அமிலமாகி, எலும்பையும் தின்னும். இந்தப் பவளத்தின் எலும்பு அரகோனைட், அமிலம் பட்டால் கரைந்துவிடும். அதனால் வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தசையை நீக்க, 4–5 சதவீதமாகக் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சம அளவு தண்ணீர் கலந்து ஊறவைத்து, மணிக்கொருமுறை பார்த்து, போதும் என்றதும் எடுக்கவேண்டும். இதோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அறைச் சன்னலைத் திறந்துவையுங்கள்.

அலசும் தண்ணீரைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்லவேண்டும். திருப்பூர், அவிநாசிப் பக்கம் போர்த்தண்ணீர் கடுமையான உப்புத் தண்ணீர். அதில் அலசிக் காயவைத்தால் தகடுகளின் மேல் வெள்ளைப் படிவம் ஏறி, இனத்தைப் பிரிக்க உதவும் நுண்ணிய குருணைகளை மூடிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதுவே புதுவித மேற்பரப்பாகத் தோன்றும். கடைசி இரண்டு அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். நாள் கணக்கில் ஊறவிட வேண்டாம். நகைப் பட்டறையில் இருக்கும் அல்ட்ராசானிக் தொட்டியில் மெல்லிய கிண்ணத்தைப் போட்டால் தகட்டு விளிம்பு உதிரும். தடித்த காம்புள்ளவற்றுக்கு மட்டும், அதுவும் சில விநாடிகள்.

பனியன் வேஸ்டையோ பஞ்சையோ கிண்ணத்தின் வாயில் அடைக்காதீர்கள். நூலிழை தகட்டு முள்ளில் சிக்கும். இழுத்தால் முள்ளும் கூட வரும். மெல்லிய பட்டுத்தாளில் சுற்றி, கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். புதுப் பிளைவுட் பெட்டியும் ஆகாது. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொருளை அரித்து வெள்ளை உப்புப் பூக்கவைக்கும். இரும்பு அலமாரி நல்லது.

அளவும் ஆழமும்

அளவுக்குப் பீளமேட்டுப் பட்டறைகளில் பயன்படுத்தும் டிஜிட்டல் வெர்னியரே போதும், ஆனால் தாடையை இறுக்கினால் விளிம்பு நொறுங்கும். வாயின் பெரிய விட்டம், சிறிய விட்டம், உயரம், காம்பின் விட்டம் நான்கையும் எழுதுங்கள். உடைந்த விளிம்பை மனதில் நிரப்பிக்கொண்டு அளக்காதீர்கள். "உடைந்தது" என்றே குறியுங்கள். வலை இறங்கும்போது 320 மீட்டர், ஏறும்போது 410 மீட்டர் என்றால் ஆழம் 320–410தான். சராசரி போட்டு 365 என்று எழுதினால் இல்லாத துல்லியம் வந்துவிடும். கிண்ணம் உயிரோடு வந்ததா, செத்ததா என்பதும் அவசியம். செத்த கிண்ணம் பல ஆயிரம் ஆண்டு பழையதாகவும் இருக்கலாம், மேல் சரிவிலிருந்து உருண்டும் வந்திருக்கலாம்.

டிஎன்ஏயை மட்டும் நம்புவதும் கூடாது. பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மிக மெதுவாக மாறுவதால், மீனிலும் பூச்சியிலும் இனம் பிரிக்கக் கைகொடுக்கும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணு இங்கே இரண்டு இனங்களில் ஒன்றாகவே இருக்கலாம். ஒத்துப்போகிறது என்பதால் ஒரே இனம் ஆகிவிடாது. வடிவத்தை மட்டும் நம்புவதிலும் இதே ஆபத்து உண்டு. கொத்தாக வளரும் லோஃபீலியாவை 2016-ல் டெஸ்மோஃபில்லத்துக்குள் சேர்த்ததற்கு மரபணுச் சான்றுதான் அடிப்படை.

பழைய மாதிரியைப் பார்க்காமல் விடுவது

இந்தியக் கடல்களின் ஆழ்கடல் பவளங்களை ஆல்காக் என்ற விலங்கியலாளர் 1898-ல் இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பலின் சேகரிப்பிலிருந்து விவரித்தார். கேரியோபில்லியா ஆம்ப்ரோசியா அவர் வைத்த பெயர். அது பிறகு வேறு கடல்களிலும் கண்டறியப்பட்டது. அவருடைய படத்தோடு மட்டும் ஒப்பிட்டு "வேறுபடுகிறது" என்று எழுதுவது பெரும் தவறு. படம் ஒரே கிண்ணத்தைக் காட்டும், அந்த இனத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதி அந்தக் காலத்து மாதிரிகளின் படத்தையாவது வாங்குங்கள். போய்ப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

சட்டமும் பெயரும்

கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. துறைமுகத்தில் வலையில் சிக்கிக் கிடந்தது என்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புது இனத்தை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்கவேண்டும். வழிகாட்டியின் அறை அலமாரி காப்பகம் ஆகாது.

பெயரிடும் விதிகளில் அடிக்கடி தவறுவது மூன்று. ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி, எது, எந்தக் காப்பகத்தில், எந்த எண்ணில் என்று கட்டுரையிலேயே சொல்லவேண்டும். மின்னிதழில் மட்டும் வெளிவந்தால் வெளியீட்டுக்கு முன்பே, விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான சூபேங்க்கில் பதிந்து, பதிவு பற்றிய சான்றைக் கட்டுரைக்குள் அச்சிடவேண்டும். இல்லையேல் பெயர் செல்லாது. கருத்தரங்கச் சுருக்கத்தில் பெயரைக் கசியவிடாதீர்கள்.

மூன்றாவது, இலக்கணப் பால். பேரினப் பெயரோடு வரும் இனப்பெயர் அடைமொழியாக இருந்தால் அது பேரினத்தின் பாலுக்கு இசையவேண்டும். 'ஆழமான' என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: டெல்டோசயாத்தஸ் ஆண்பால், அதனால் ப்ரொஃபண்டஸ். கேரியோபில்லியா பெண்பால், ப்ரொஃபண்டா. ஃபிளபெல்லம் இரண்டுமல்லாத பால், ப்ரொஃபண்டம். சொந்த ஊர்மேல் பாசம் வைத்துக் கொங்குவென்சிஸ் என்று சூட்ட ஆசை வரலாம். விதி தடுக்காது, ஆனால் அந்த விகுதி அங்கே கிடைத்தது என்று பொருள் தரும்; கொங்கில் கடல் இல்லை. கிடைத்த கடலின் பெயரையோ கிண்ணத்தின் பண்பையோ வையுங்கள். மாதிரிச் சீட்டில் பால்பாயிண்ட் வேண்டாம், எத்தனாலில் கரையும். பென்சிலில் எழுதிய சீட்டைக் குப்பிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே, கிண்ணத்தோடு போடுங்கள்.