வேலை தேடல்: யோசித்தது போதும், முதல் விண்ணப்பத்தை அனுப்புவது எப்படி?

வேலை மாற வேண்டும் என்று முடிவெடுத்துப் பல வாரம் ஆகியிருக்கும். பிரவுசரில் பத்து டேப் திறந்து கிடக்கும், ரெஸ்யூமேயின் ஃபான்ட் நாலு தடவை மாறியிருக்கும். ஆனால் ஒரு விண்ணப்பம்கூடப் போயிருக்காது. இனி ஒரே கணக்கு: உங்கள் கையை விட்டு இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்ததுதான் வேலை. மற்றதெல்லாம் வேடிக்கை பார்ப்பதில்தான் சேரும்.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

"வேலை தேடணும்" என்று பொதுவாக வைத்திருந்தால் நாள் தள்ளிப்போகும். 'இது முடிந்ததும் இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டமிடுவது உதவுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கி எழுதினார். "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் லேப்டாப்பைத் திறப்பேன்" என்று எழுதி ஒட்டுங்கள். 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்தால் போதும்.

படி 2: ஒரு விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேட்டிருக்கும் தகுதிகளில் 'கட்டாயம்', 'இருந்தால் நல்லது' இரண்டையும் பிரியுங்கள். கட்டாயமானவற்றில் பாதிக்கு மேல் இருந்தால் அனுப்பிவிடலாம். வேண்டாம் என்று சொல்வது அந்த நிறுவனத்தின் வேலை, அதை நீங்கள் ஏன் இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டும்? உரிமமோ பதிவோ சட்டப்படி தேவைப்படும் வேலைகள் மட்டும் விதிவிலக்கு.

படி 3: ரெஸ்யூமேயில் மூன்று வரி மட்டும்

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. முழுசாக மாற்றி எழுத உட்காராதீர்கள். அந்த விளம்பரத்துக்கு நெருக்கமான மூன்று வரிகளை மட்டும் திருத்துங்கள். "வாடிக்கையாளர் புகார்களைக் கவனித்தேன்" என்று இருந்தால், "தினமும் சுமார் 40 புகார் அழைப்புகளை எடுத்து, பெரும்பாலானவற்றை அன்றே முடித்தேன்" என்று ஆக்கலாம். எண் உண்மையானதாக இருக்க வேண்டும், நேர்காணலில் கேட்பார்கள்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மென்பொருள். பக்கத்தை இடது, வலது என இரண்டாகப் பிரிக்கும் அமைப்பும் டெக்ஸ்ட் பாக்ஸும் அதைக் குழப்பலாம். ரெஸ்யூமே முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறி வந்தால், அமைப்பை எளிமையாக்குங்கள். ஃபைல் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். 'ஃபைனல் புதுசு 2' வேண்டாமே!

படி 4: அனுப்புங்கள், உடனே பதியுங்கள்

தேதி, நிறுவனம், பதவி, அடுத்து விசாரிக்க வேண்டிய நாள் என ஒரு ஷீட்டில் நாலு நெடுவரிசை போதும். விளம்பரத்தையும் முழுசாகக் காப்பி செய்து வையுங்கள். கடைசி நாள் முடிந்ததும் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள்.

படி 5: தெரிந்த ஒருவருக்குச் செய்தி

"வேலை இருந்தால் சொல்லுங்க" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று புரியாது. "உங்கள் கம்பெனியில் கணக்குப் பிரிவில் ஆள் எடுப்பதாகப் பார்த்தேன். அந்த டீம் எப்படி என்று பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள்.

இப்போது வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லிங்க்ட்இனில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. ஆனாலும் உங்கள் அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இனே உறுதி தருவதில்லை.

படி 6: ஒரு வாரம் கழித்து

பதில் வராவிட்டால் இரண்டு வரியில் ஒரே ஒரு மெயில். அதற்கும் பதில் இல்லையென்றால் ஷீட்டில் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அழைப்பு வந்தால், சேமித்து வைத்த விளம்பரத்தை எடுத்து, அதிலிருக்கும் ஒவ்வொரு 'கட்டாய'த்துக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு பேசப் போங்கள்.