அம்பாசடர் பிரேக்: எதற்குச் செலவு, எதில் சிக்கனம்

என் 1972 அம்பாசடர் மார்க் 2-இல் பிரேக் பெடலை மிதித்தபடி இருந்தால் மெல்லக் கீழே இறங்கியது. வெளியே எங்கும் கசிவில்லை. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், அதாவது ஒரே ஆயில் வழி; அதில் ஓரிடம் போனாலும் மொத்த பிரேக்கும் போய்விடும் என்பதால் மாஸ்டர் சிலிண்டருக்கும், ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களுக்கும் முதலில் பணம் ஒதுக்கினேன். இவை இரண்டையும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவே வாங்கினேன். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பாதி விலைக்குப் பழையது கிடைக்கும், ஆனால் பழைய ரப்பரை நம்பவே கூடாது.

சிக்கனம் வேறு இடத்தில். பழைய பிரேக் ஷூவிலேயே, டிரம்மில் உரசித் தேயும் லைனிங்கை மட்டும் புதிதாக ஒட்டவைத்தேன். சக்கரத்தோடு சுழலும் அந்த டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்தால் போதுமாக இருந்தது. சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களில் உட்சுவர் வழவழப்பாக இருந்தவற்றுக்கு உள்ளே இருக்கும் ரப்பர்களின் கிட் மட்டும். துருக்குழி விழுந்த ஒன்றை மாற்றினேன். அப்புறம் புது டாட் 3 வகை பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றியதும் பெடல் கெட்டியாக நின்றது.