கிளெண்டலாக்கில் முதல் நடை: ஏரி உங்கள் இடது கைப் பக்கம் இருக்கட்டும்

அயர்லாந்துக்கு வந்த புதிதில் நம்மில் பலர் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். மலை முகட்டில் மரப்படிகள் மேல் நின்று, கீழே ஏரி தெரிய யாரோ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமையே அந்த உச்சிக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்த முகட்டின் பெயர் ஸ்பிங்க். வெள்ளை அம்பு போட்ட அந்தச் சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் நீளம், 380 மீட்டர் ஏற்றம், நடக்க மூன்றரை மணி நேரம். நானும் முதல் தடவை அங்கேதான் போனேன், அதுவும் கான்வாஸ் ஷூவோடு. பாதி ஏறும்போதே மேகம் இறங்கிவிட்டது. ஏரியும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. முன்னால் போனவரின் சிவப்புப் பை மட்டும் தெரிந்தது.

அடுத்த தடவை புத்தி வந்து, அதே பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும், பச்சை அம்பு போட்ட 3 கிலோமீட்டர் கிரீன் ரோடு பாதையில் நடந்தேன். ஏற்றம் வெறும் 20 மீட்டர். பலகையில் 50 நிமிடம் என்று போட்டிருக்கும், எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வழியில் பார்ப்பதற்கு அவ்வளவு இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

போவதற்கு முன்

கிளெண்டலாக் விக்லோ மலைகள் தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1991-இல் அமைந்த பூங்கா, பரப்பு 20,000 ஹெக்டேருக்கு மேல். உள்ளே நடக்கக் கட்டணம் கிடையாது. எழுத்தைப் பார்த்து 'கிளெண்டலோ' என்று படித்துவிடாதீர்கள், கடைசியில் 'லாக்' என்றுதான் முடியும். ஐரிஷ் மொழியில் 'இரண்டு ஏரிப் பள்ளத்தாக்கு' என்று பொருள். இந்த இரண்டு ஏரி விஷயத்தை நினைவில் வையுங்கள், வழி தவறாமல் இருக்க அதுதான் உதவும்.

டப்ளினிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கார் இல்லையென்றால் செயின்ட் கெவின்ஸ் பஸ் இருக்கிறது. நகர நடுவில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவின் வடக்குப் பக்கம் ஏறலாம். பிரே, ரவுண்ட்வுட், லாரா வழியாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு நாளைக்கு ஓரிரு பஸ்தான் என்பதால், திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப நாளைத் திட்டமிடுங்கள். காரில் போகிறவர்கள் எம்11 நெடுஞ்சாலையில் போய், கில்மக்கனோக்கில் பிரிந்து ரவுண்ட்வுட் வழியாக லாராவுக்கு வர வேண்டும். வார இறுதியில் வெயில் அடித்தால் காலையிலேயே கார் பார்க் நிரம்பிவிடும். பத்து மணிக்கு முன் போய்ச் சேர்வது நல்லது.

எந்த மாதம் என்று கேட்டால் மே என்பேன். ஓக் மரங்கள் அப்போதுதான் தளிர்விட்டிருக்கும், அடியில் புளூபெல் பூத்திருக்கும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருந்தாலும், காற்றில்லாத சாயங்காலங்களில் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி கடித்தே விரட்டிவிடும். டிசம்பரில் நாலு மணி தாண்டியதும் இருட்டிவிடுகிறது, பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது

குடை வேண்டாம். ஏரிக்காற்று இரண்டே நிமிடத்தில் அதைத் திருப்பி மடக்கிவிடும். தொப்பி வைத்த ரெயின் ஜாக்கெட் ஒன்று போதும். ஜூலையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதனால் உள்ளே ஒரு ஸ்வெட்டர். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. வேறு எந்தக் கால்சட்டையும் பரவாயில்லை, ஆனால் முழுக்கால் சட்டையாக இருக்கட்டும் (ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்). இந்தப் பாதைக்கு மலையேற்ற பூட்ஸ் தேவையில்லை, அடி வழுக்காத சாதாரண ஷூ போதும். பையில் மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கையோடு இருக்கட்டும். மேல் ஏரி கார் பார்க் பக்கம் வேன்கடைகளில் சிப்ஸும் காபியும் கிடைக்கும்தான், ஆனால் மழை நாளில் அதை நம்பி வெறும் வயிற்றோடு போகக் கூடாது. பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் புளிசாதம், இதுதான் என் ஏற்பாடு. ஆறிப்போனாலும் புளிசாதத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

போனில் சிக்னல் விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112 அல்லது 999.

முதல் கட்டம்: கல் வளைவிலிருந்து மான் கல் வரை

பஸ் உங்களை பார்வையாளர் மையத்தின் அருகே இறக்கிவிடும். கழிப்பறை அங்கேயே உண்டு, போய்விட்டு வந்துவிடுங்கள். அங்கிருந்து ஓட்டல் பக்கம் நடந்தால் அடுத்தடுத்து இரண்டு கருங்கல் வளைவுகள் தெரியும். பழைய மடத்தின் நுழைவாயில் அது. இந்த மடத்தை 6-ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் கெவின் என்ற துறவி, 618-இல் இறந்தார் என்பது மரபு. முதல் வளைவைத் தாண்டியதும் சுவரில் சிலுவை பொறித்த ஒரு பெரிய கல் இருக்கிறது. இதற்கு உள்ளே வந்துவிட்டவரைத் துரத்தி வந்தவர் தொடக் கூடாது, அடைக்கல எல்லை இது என்பதற்கான அடையாளம். பெரும்பாலானவர்கள் உள்ளே தெரியும் வட்டக் கல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கோபுரத்தையும் நின்று பார்க்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரம் 30 மீட்டர். வாசல் தரையில் இல்லை, மூன்றரை மீட்டர் மேலே இருக்கிறது. ஏணி வைத்துத்தான் ஏற முடியும். ஐரிஷ் மொழியில் இப்படிப்பட்ட கோபுரத்துக்கு 'மணி வீடு' என்று பெயர். மணி அடிக்க, பொருள்களைப் பத்திரப்படுத்த, தூரத்திலிருந்து வரும் யாத்ரீகர்களுக்கு அடையாளம் காட்ட என்று பல வேலைக்கும் பயன்பட்டது. கூம்புக் கூரை மட்டும் 1876-இல் பழைய கற்களைக் கொண்டே திரும்பக் கட்டியது.

கல்லறைகளுக்கு நடுவே சரிவில் இறங்கினால் கல்லாலேயே கூரை வேய்ந்த ஒரு சின்ன தேவாலயம். ஊர்க்காரர்கள் இதைக் 'கெவினின் சமையலறை' என்பார்கள். உள்ளே யாரும் சமைத்ததில்லை, மேலே இருக்கும் மணிக்கூண்டு புகைபோக்கி மாதிரி இருப்பதால் வந்த பெயர். கல்லறைகளின் மேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். சில கல்லறைகளுக்கு இன்னும் ஆட்கள் பூ வைத்துப் போகிறார்கள்.

அங்கிருந்து ஆற்றை நோக்கிப் போனால், நடைபாலத்துக்குப் பக்கத்தில் நடுவில் குழி விழுந்த ஒரு கல் கிடக்கும். இதுதான் மான் கல். பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோக, இரட்டைக் குழந்தைகளோடு தவித்த கணவன் கெவினிடம் வந்தானாம். ஒரு பெண்மான் தினமும் வந்து இந்தக் குழியில் பால் சொரிந்து குழந்தைகளைக் காப்பாற்றியது என்பது கதை. மழை பெய்த மறுநாள் போனால் குழியில் தண்ணீர் நிற்கும்.

இரண்டாம் கட்டம்: பாலத்தைத் தாண்டாதீர்கள்

இங்கேதான் குழப்பம் வரும். பாலம் கண்ணெதிரே இருக்கிறது, கூட்டமும் அதில் போகிறது, நாமும் பின்னால் போய்விடுவோம். போனால் ஒன்றும் கெட்டுவிடாது, ஏரிக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். ஆனால் அது பச்சை அம்புகளுக்கு எதிர்த்திசை. பாலத்தில் ஏறாமல் வலப்பக்கம் திரும்புங்கள், பலகைப் பாதை வரும். இனி ஒரே விதி: ஏரி எப்போதும் உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் வந்துவிட்டதென்றால் திசை மாறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பலகைப் பாதை சதுப்பு நிலத்தின் மேல் போகிறது. நனைந்த பலகை வழுக்கும், இந்த இடத்தில் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். வெயில் அடிக்கும் நாளென்றால் கைப்பிடிக் கட்டையில் கை வைக்கும் முன் ஒரு நொடி பாருங்கள். என் சுட்டுவிரல் நீளத்தில் பழுப்பு நிறப் பல்லி ஒன்று, வயிற்றை அப்பளம் போலப் பரப்பி மரத்தோடு ஒட்டிக்கொண்டு சூடேற்றிக்கொண்டிருந்தது. முதுகில் வரிசையாகக் கரும்புள்ளிகள். என் நிழல் விழுந்ததும் தலையை மட்டும் திருப்பியது. இன்னும் அரை அடி நெருங்கினேன், காணோம். அயர்லாந்தில் பாம்பு கிடையாது. இந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் ஊர்வன என்று இருப்பது இந்த ஒரே பல்லி இனம்தான். குளிர் நாடு என்பதால் முட்டையிட்டு வெயிலை நம்பிக் காத்திருப்பதில்லை, முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து குட்டியாகப் போடுகிறது.

கீழ் ஏரி முடிந்த பிறகு கொஞ்ச தூரம் சமதரை. அடுத்து மேல் ஏரி. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நடக்கும் இந்தத் தட்டை நிலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பனிப்பாறை குடைந்த இந்தப் பள்ளத்தாக்கில் முன்பு ஒரே நீள ஏரிதான் இருந்தது. தெற்கு மலையிலிருந்து இறங்கும் பூலனாஸ் ஓடை மண்ணும் கல்லுமாகக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி ஏரியை நடுவில் வெட்டிவிட்டது. பெயரில் இருக்கும் 'இரண்டு ஏரி' அந்த ஓடை செய்த வேலை.

மூன்றாம் கட்டம்: மேல் ஏரிக்கரை

சாப்பாட்டுக்கு இதுதான் இடம். எதிரே இரு பக்கமும் மலை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்கும். இடது பக்கப் பாறைச் சுவரில் இருக்கும் ஒரு சின்னக் குகையைக் 'கெவினின் படுக்கை' என்பார்கள். துறவி அங்கே தனியாகத் தங்கினார் என்று நம்பிக்கை. இங்கிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் ஆழம், கோடையிலும் பல் கிட்டிப்போகும் குளிர். காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். குப்பையைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.

கால் இன்னும் தாங்கும் என்றால் இங்கே இரண்டு வழி உண்டு. ஊதா அம்பு ஏரியின் வடகரையோடு போய், ஈயச் சுரங்கம் இருந்த இடத்தின் இடிபாடுகளைக் காட்டித் திரும்பும். போக வர 5 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதரை. சுரங்கத்துக்குச் சற்று முன் அக்கரையில் அந்தக் குகையும் தெரியும். இளஞ்சிவப்பு அம்பு பூலனாஸ் அருவிக்குப் போகிறது. முக்கால் மணி நேரம்தான் என்றாலும் ஏற்றம் உண்டு, முட்டிவலிக்காரர்களுக்கு வேண்டாம். எனக்குப் பிடித்தது ஊதா.

நான்காம் கட்டம்: ஓக் காட்டு வழியே திரும்புதல்

ஏரிக்கரையில் இருக்கும் பூங்காத் தகவல் அலுவலகத்தைத் தேடிப் பிடியுங்கள். பச்சைப் பாதை அதிகாரபூர்வமாகத் தொடங்குவதே இங்கேதான். அங்கிருந்து சின்ன நடைபாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் கிரீன் ரோடு. வண்டித்தடம் அளவுக்கு அகலமான பாதை, கைகோத்து நாலு பேர் நடக்கலாம். டப்ளின் புறநகரில் தொடங்கி 130 கிலோமீட்டர் வரை நீளும் விக்லோ வே என்ற நெடும்பாதையும் இந்த வழியாகத்தான் போகிறது. அதனால் பெரிய மூட்டையோடு, சேற்றுக் காலோடு எதிரே வருகிறவர்களைப் பார்க்கலாம். தலையசைத்து ஒரு 'ஹலோ' சொல்வது இங்கே வழக்கம்.

ஓக் மரங்களின் அடியைக் கவனியுங்கள். சிலவற்றில் ஒரே வேரிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் எழுந்திருக்கும். கரிக்கும் மற்ற தேவைகளுக்கும் அடியோடு வெட்டி, திரும்பத் துளிர்க்க விட்டு வளர்த்த காடு இது. பாறையெல்லாம் பாசி, கிளையெல்லாம் பாசி. விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மான்கள் வரும். நாய் கூட்டிப் போகிறவர்கள் வாரில் பிடித்திருக்க வேண்டியது அதனால்தான்.

கீழ் ஏரி மரங்களுக்கு இடையில் இடது பக்கம் தெரிந்துகொண்டே வரும். அது முடிந்து கொஞ்ச தூரத்தில், இடது பக்கம் பாலம். காலையில் தாண்டாமல் விட்ட அதே பாலம்தான். பக்கத்திலேயே மான் கல் கிடக்கும். இப்போது பாலத்தைத் தாண்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள். மான் நடமாடும் இடத்தில் உண்ணியும் இருக்கும். புல்லில் உரசும்போது துணியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். முழுக்கால் சட்டை சொன்னது இதற்குத்தான். குளிக்கும் முன் முட்டிக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். கசகசா அளவில் ஒரு கரும்புள்ளி, தேய்த்தால் போகாதென்றால் அதுதான். நகத்தால் கிள்ளவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் வந்துவிடும். கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். சில நாளிலோ சில வாரத்திலோ அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததையும் அந்தத் தேதியையும் சொல்லுங்கள்.