தோக்கியோவிலிருந்து ஒருநாளில் மிதாகே மலை

தோக்கியோவிலிருந்து ஒருநாளில் மலையழகைக் கண்டு திரும்ப விரும்புவோர், கூட்டம் மிகுந்த தகாவோ மலையை விடுத்து, 929 மீட்டர் உயரமுள்ள மிதாகே மலைக்குச் செல்வதே நல்லது. ஷின்ஜுகுவில் ரயிலேறி, ஓமேயில் வண்டி மாறி, மிதாகே நிலையத்தில் இறங்கவும். அங்கிருந்து பேருந்தில் மலையடிவாரத்திலுள்ள தகிமோட்டோவை அடைந்தால், இழுவை ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடும். அதில் நாய்களுக்கும் இடமுண்டு; உச்சியிலுள்ள முசாஷி மிதாகே கோயிலில் ஓநாயைக் காவல் தெய்வமாக வணங்குவதால், பலர் தம் நாய்களை அழைத்துவந்து வேண்டிக்கொள்கின்றனர். யாத்ரீகர் விடுதிகளைக் கடந்து சுமார் அரை மணி நேரம் நடந்தால் கோயில் வரும். அத்துடன் திரும்பிவிடாதீர்கள், பாசி படர்ந்த பாறைகளுக்கிடையே ஓடை சலசலக்கும் பாறைத்தோட்டமும் அயஹிரோ அருவியும் அதற்கப்பால்தான் உள்ளன. ஈரப்பாறை வழுக்குமாதலால் பிடிப்புள்ள காலணி அவசியம். கடைசி இழுவை ரயிலின் நேரத்தை ஏறும்போதே குறித்துக்கொள்ளவும்.