அடிபடாமலேயே வரும் தோள்பட்டை வலி

தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால் உடனே 108-ஐ அழையுங்கள். எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வயிற்றின் வலப்புற மேற்பகுதியும் வலது தோளும் சேர்ந்து வலித்தால் பித்தப்பைக் கல்லை ஐயுற வேண்டும்.

இவை இல்லாமல், பிறர் தூக்கிவிட்டாலும் கை மேலே எழாத அளவுக்கு மூட்டு இறுகியிருந்தால், 40 முதல் 60 வயதினருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மிகுதியாக வரும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டும்போது இரத்தச் சர்க்கரையையும் அவசியம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதே என்று கையை அசைக்காமலே வைத்திருப்பதுதான் பலர் செய்யும் பெரும் பிழை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின், நல்ல கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, வலி கூடாத அளவில் சிறுவட்டமாக இருபுறமும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள். முழுமையாகக் குணமாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.