மாலை 6 மணிக்கு லேப்டாப்பை மூட ஒரு வழி

வீட்டிலிருந்தே சின்னதாக ஏஐ தொழில் நடத்துபவர்களுக்கு இது. கடைகளுக்குப் பொருள் விவரம் எழுதித் தருவது, வாடிக்கையாளர் கருத்துகளை வகை பிரிப்பது போன்ற வேலைகளுக்கு உடனடிப் பதில் தேவையே இல்லை. ஆனாலும் பலர் ராத்திரி பதினொரு மணி வரை திரையின் முன் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிப்போய்விடுகிறார்கள்.

ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனங்கள் இரண்டிலுமே, நிரல் வழியாக (ஏபிஐ) ஏஐயைப் பயன்படுத்துவோருக்கு பேட்ச் வசதி உண்டு. ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை மொத்தமாக அனுப்பலாம். 24 மணி நேரத்துக்குள் முடிப்பது ஏற்பாடு, பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். கட்டணமும் வழக்கத்தில் பாதிதான்! மாலையில் அனுப்பிவிட்டு எழுந்துவிடுங்கள். காலையில் பள்ளி வேன் போன பிறகு முடிவுகளைப் பாருங்கள். ஒன்று முக்கியம்: முடிவுகள் அனுப்பிய வரிசையிலேயே வரும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'kadai3-selai-041' என்பது போல ஆங்கில எழுத்தில் தனி அடையாளம் கொடுங்கள். தவறிப்போனவற்றை மட்டும் பொறுக்கி மறுபடி அனுப்ப அதுதான் கைகொடுக்கும். முதலில் ஒரு பத்து கோரிக்கைகளை மட்டும் சோதித்துவிட்டு மொத்தத்தையும் அனுப்புங்கள்.

சரி, வாடிக்கையாளர்கள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால்? தொழிலுக்குத் தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸில் போடுங்கள். வேலை நேரம் முடிந்ததும் தானாகப் பதில் போகும்படி அதில் அமைக்கலாம். "நாளை காலை 10 மணிக்குப் பதில் சொல்கிறோம்" என்று நேரத்தோடு எழுதினால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், அந்த ஏஐ நிறுவனங்களில் நீங்கள் வைத்திருக்கும் முன்பணக் கணக்கில் தானியங்கி ரீசார்ஜை நிறுத்திவையுங்கள். ஒரு நிரல் கோளாறு வீட்டுச் செலவுப் பணத்தைத் தொடக்கூடாது.