காட்டுப்பூனைக் குட்டியைத் தூக்கிவராதீர்கள்

கரும்பு வெட்டும்போது தோகைக்குள் இரண்டு மூன்று குட்டிகள் சுருண்டு கிடக்கும். தாயைக் காணோம். ஐயோ பாவம் என்று யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசும்பால் ஊற்றுவார்கள். இரக்கத்தில் செய்வதுதான். ஆனால் காட்டுப்பூனைக்கு நாம் செய்கிற கெடுதல்களில் இதுவும் ஒன்று.

தாய் எங்கும் போய்விடவில்லை. ஆள் அரவம் கேட்டுப் பக்கத்து வயலில் பதுங்கியிருக்கும். அல்லது ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டுபோய் வேறோர் இடத்தில் விட்டுவிட்டு, அடுத்ததை எடுக்க வந்துகொண்டிருக்கும். பசும்பால் குட்டிக்கு வயிற்றுப்போக்கைத் தரும். வீட்டில் வளர்ந்தால் வேட்டை பழகாது, பிறகு வெளியில் விட்டாலும் பிழைப்பது கடினம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதும் குற்றம்.

அந்தப் பாத்தியில் வெட்டை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பக்கத்துக் கரும்புக் காடுகளில் இப்படிப் பல குட்டிகளைத் தாயிடம் சேர்த்திருக்கிறார்கள். எடுத்த இடத்திலேயே ஒரு பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போய்விடுவார்கள். இருட்டியதும் தாய் வரும். ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. காட்டுப்பூனை என்பதால் அடர்காட்டு விலங்கு என்று நினைக்கிறோம். அதற்குப் பிடித்தவை கோரையும் நாணலும் மண்டிய ஏரிக்கரை, புதர்க்காடு, கரும்பு வயல். அதனால்தான் ஊருக்குப் பக்கத்தில் கண்டதும் ‘சிறுத்தைக் குட்டி’ என்று பதறிக் கம்பெடுக்கிறார்கள். வாலைப் பாருங்கள். காட்டுப்பூனையின் வால் குட்டை, உடலில் பாதி நீளம்கூட வராது, நுனி கறுப்பு. கால்கள் நீளம், காது நுனியில் சிறு கறுப்பு மயிர்க்கொத்து. வளர்ந்த பூனையின் உடலில் புள்ளிகள் கிடையாது. சிறுத்தைக் குட்டிக்கோ உடம்பெல்லாம் புள்ளி, வாலும் நீளம்.

காட்டுப்பூனை வேட்டையாடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் கோபம் வராது. வரப்போரம் அசையாமல் நிற்கும். காதுகள் மட்டும் தனித்தனியே திரும்பி, புல்லுக்குள் எலி கீறும் ஒலியைத் தேடும். வயிறு தரையில் உரசப் பதுங்கி நகர்ந்து, எட்டும் தூரம் வந்ததும் ஒரே பாய்ச்சல். எழும்பும் பறவையைத் துள்ளிப் பிடிக்கும். நீரில் இறங்கி மீனும் பிடிக்கும். ஆனால் முக்கிய இரை எலிதான். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஆராய்ந்தவர்கள், ஒரு பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைத் தின்னும் என்று மதிப்பிட்டார்கள். குறைந்த கணக்கை வைத்தாலே ஆண்டுக்கு 1,000-க்கு மேல்.

கோழி பிடிக்காதா? பிடிக்கும். மாலையில் வேலியோரம் வெருகு வர, பெட்டைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை. பொழுது சாயுமுன் கோழிகளைக் கூட்டில் அடைத்து, ஓட்டைகளுக்குக் கம்பி வலை அடித்தால் போதும். பொறி வேண்டாம்.

எலிவிஷமும் அப்படித்தான். விஷம் தின்று தள்ளாடும் எலிதான் பூனைக்கு எளிதில் அகப்படும். அதைத் தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும். வைத்தே தீரவேண்டுமென்றால், விடிந்ததும் வரப்பைச் சுற்றிவந்து செத்த எலிகளை ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.